ஒற்றைக் கைப் பலகை

எதிர்க் கடையில் ஒலிபெருக்கி மறுபடியும் உயிர்பெற்றது. பெரியவர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். ஏற்கெனவே நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் நிமிர முதுகில் இடமில்லை. எதிரே அவருடைய சொந்தத் தம்பி, அறுபத்தெட்டு வயதில் பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வெங்காயத்தைப் போட்டுக் கயிற்றை நாலு இழுப்பு இழுத்தார். வெங்காயம் பொடியானது. கூட்டம் கை தட்டியது.

“எங்க அண்ணன் கடைல வாங்கினா ஆயுசுக்கும் உழைக்கும். என்கிட்ட வாங்கினா வருஷா வருஷம் என் முகத்தைப் பாக்கலாம். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

சிரித்தவர்களில் பாதிப் பேர் திரும்பி இந்தப் பக்கம் பார்த்தார்கள். பெரியவர் வலது பக்கச் சுவரைப் பார்த்தார்.

பார்க்கும்படி அந்தச் சமையல் சாமான் கண்காட்சிக் கூடத்தில் எதுவும் இல்லை என்பது அவர் கருத்து. காலையில் ஒரு சுற்று போய்விட்டு வந்திருந்தார். முட்டை வெந்துவிட்டதென்று கைபேசிக்குச் செய்தி அனுப்பும் பாத்திரம் இருந்தது. வாழைப்பழத்தை ஒரே அழுத்தில் இருபது வில்லையாக்கும் சட்டம் இருந்தது. பழத்தைக் கடித்துத் தின்னப் பல் இல்லாதவர்கள் இத்தனை பேரா என்று அங்கேயே கேட்டுவிட்டார். பூண்டு உரிக்க ஒன்று, உரித்ததை நசுக்க ஒன்று, நசுக்கியதை வழிக்க ஒன்று. ஒரு சமையலறை வேலையை மூன்று சாமானாகப் பிரித்து விற்பவனுக்குப் பெயர் வியாபாரி அல்ல என்று அவர் சொன்னபோது, கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு துண்டுச்சீட்டை அவர் கையில் திணித்தாள்.

அவருடைய கடையில் கத்தி, துருவி, இடுக்கி, கரண்டி என்று எண்ணி இருபத்திரண்டு சாமான்கள். ஒவ்வொன்றிலும் அவருடைய தாத்தாவின் முதலெழுத்து சின்னதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த முத்திரைக்கு ஒரு சட்டம் உண்டு. பட்டறையில் எது புதிதாகச் செய்தாலும் முதலில் அது வீட்டுச் சமையலறைக்குப் போகும். வீட்டுத் தலைவி அதை ஒரு மாதம் கையாண்டு, “அடிக்கலாம்” என்று சொன்ன பிறகுதான் முத்திரை விழும். நாற்பது வருடமாக அந்தச் சொல்லைச் சொல்லிவந்தவள் அவர் மனைவி. சில சாமான்களை ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவளை எதிர்த்து அவர் ஒன்றுக்கும் முத்திரை அடித்ததில்லை.

இருபத்திமூன்றாவது சாமான்தான் மேசை நடுவில் இருந்தது. மூத்த மருமகள் பட்டறை ஃபிட்டரோடு உட்கார்ந்து ஆறு மாதம் மல்லுக்கட்டிச் செய்தது. நறுக்கும் பலகை. காயைக் குத்தி நிறுத்த மூன்று எஃகு முட்கள், ரொட்டி நகராமல் இருக்க மூலையில் ஒரு விளிம்பு, மேசையை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கால்கள், ஒரு முனையில் கீல் வைத்த கத்தி. ஒரே கை உள்ளவர்கள் யார் துணையும் இல்லாமல் நறுக்கலாம். அதிலும் முத்திரை விழுந்துவிட்டது. முறைப்படிதான் விழுந்தது.

முறைப்படி என்பதுதான் தொல்லை. எட்டு மாதத்துக்கு முன்பு அவர் மனைவிக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்டது. உறவுக்காரர்களிடம் சுளுக்கு என்று சொன்னார். எட்டு மாதமாக ஆறாத சுளுக்கு. தம்பி இரண்டு முறை பார்க்க வந்தபோதும் அண்ணி தூங்குகிறாள் என்று வாசலோடு அனுப்பிவிட்டார். இந்தக் குடும்பத்துப் பெண்ணைப் பார்த்து யாரும் ‘ஐயோ பாவம்’ என்று சொன்னதில்லை. தன் காலத்தில் அது தொடங்கக்கூடாது. இன்று காலை, நானே வந்து நறுக்கிக் காட்டுகிறேன் என்று அவள் கிளம்பி நின்றபோது, கூட்டம் தள்ளும், அது இது என்று மறுத்தார். அவள் நேரே போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் என்று உடன்பாடு. மூன்று மணி நேரமாக அங்கேதான் இருக்கிறாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கொள்முதல் அதிகாரி வந்தார். மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சாமான் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்துப் பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டுக்கொண்டு பலகையைக் கவிழ்த்துப் பார்த்தார், கீலை ஆட்டிப் பார்த்தார், முள்ளில் விரலை வைத்துப் பார்த்தார். மருமகள் வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் ஒரு வெள்ளரிக்காயைப் பிசகாமல் நறுக்கிக் காட்டினாள். பெரியவருக்கு அது போதவில்லை. முத்திரையின் கதையை எடுத்தார். வீட்டுச் சமையலறையில் ஒரு மாதம் ஓடாத எதற்கும் இந்த எழுத்து விழாது என்று, நாற்பது வருடமாகச் சொல்லிவருகிற அதே வரிசையில் சொன்னார்.

அதிகாரி உன்னிப்பாகக் கேட்டார். பிறகு, “அப்ப இதை உங்க வீட்டுல ஒரு மாசம் ஒத்தைக் கையால உபயோகிச்சது யார் சார்?” என்றார்.

மருமகள் பெரியவரைப் பார்த்தாள். பதில் அவருடையது என்பதுபோல மேசையை விட்டு ஓரடி பின்வாங்கி நின்றாள். மனைவி என்று சொன்னால் ஏன் ஒற்றைக் கை என்ற கேள்வி வரும். யாருமில்லை என்று சொன்னால் தாத்தாவின் எழுத்து பொய்யாகும். இரண்டு பக்கமும் சுவர். அந்த இடுக்கில் நின்றுகொண்டு வாய் அதுபாட்டுக்கு ஒன்றைச் சொல்லிற்று.

“நான்தான்.”

அதிகாரி கேலி எதுவும் செய்யவில்லை. ஒரு கேரட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

நாற்பது வருடம் கத்தி விற்றவர் தன் வாழ்நாளில் ஒரு காய் நறுக்கியதில்லை. நறுக்க வேண்டிய அவசியத்தை அந்த வீட்டில் யாரும் அவருக்கு ஏற்படுத்தியதில்லை. அவர் மருமகள் செய்ததுபோலவே வலது கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். கேரட்டை முள்ளில் குறுக்கே அழுத்தினார். அது வழுக்கித் திரும்பியது. நெட்டுக்குத்தாக அழுத்தினார், நுனி உடைந்தது. மூன்றாவது முறை முள்ளில் ஏறியது, ஆனால் கத்தியைக் கீழே இறக்கியதும் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு மேசையில் உருண்டது. விழப்போன கேரட்டைப் பின்னாலிருந்து பாய்ந்துவந்த வலது கை பிடித்தது. பிடித்த கையோடு அப்படியே நின்றார்.

எதிரே ஒலிபெருக்கி ஓய்ந்திருந்தது. தம்பி இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, கூட்டத்தைக் கடையின் மறுகோடிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். கேலி செய்திருந்தால் தேவலை என்று இருந்தது பெரியவருக்கு.

“ரெண்டு கையும் நல்லா இருக்கறவங்க ஒத்தைக் கையால செஞ்சு காட்டறதைக் காலைலேர்ந்து மூணு கடைல பாத்துட்டேன் சார்,” என்றார் அதிகாரி. “நிஜமாவே உபயோகிச்சவங்க இருந்தா நான் பேசணும். பன்னெண்டரை வரைக்கும் இங்கதான் சுத்திட்டிருப்பேன்.”

அவர் போனதும் மருமகள் உருண்ட கேரட்டை வாங்கித் தட்டில் வைத்தாள். மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

“முத்திரை பொய்னு நினைச்சுட்டுப் போறாங்க மாமா. அத்தை ஒரு மாசம் கண்ல தண்ணி வர நறுக்கிச் சொன்ன வார்த்தை அது.” துணியை மடித்து வைத்தாள். “இது நம்ம பேர்ல வெளிய வரக்கூடாதுன்னா சொல்லிடுங்க. எதிர்க்கடைல சின்ன மாமாகிட்ட குடுத்துடறேன். அவர் இதுக்கெல்லாம் வெக்கப்படமாட்டார்.”

அந்த வீட்டில் மருமகள்கள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வண்டியின் கண்ணாடி முழுக்க இறக்கிவிடப்பட்டிருந்தது. மனைவி வலது கையை மடியில் சால்வைக்கு அடியில் வைத்திருந்தாள். அப்படி வைத்துக்கொள்ளச் சொன்னது அவர்தான்.

“வெயில் ரொம்பவா?” என்றார்.

“கேக்க வந்ததைக் கேளுங்க.”

“அந்தம்மா, இதை யார் உபயோகிச்சதுன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

அவர் வண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு, “நான்னு சொன்னேன்” என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். எட்டு மாதத்தில் அவள் இப்படிச் சிரித்து அவர் கேட்கவில்லை. கோணிய வாயோடு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். “நீங்களா? நம்ம வீட்டுல கத்தி எந்த இழுப்பறைல இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?” சிரிப்பு ஓய்ந்தபோது முகம் வேறாக இருந்தது. “நாப்பது வருஷமா நான் சொன்னப்புறம்தான் அந்த எழுத்தை அடிச்சீங்க. அது இந்தக் கை சொன்னதுதானே. இப்ப இதை நாலு பேர் பாத்தா அந்த எழுத்து அழிஞ்சுடுமா?”

அவள் சால்வையை இருக்கையில் விட்டுவிட்டு இறங்கினாள். அவர் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. இடது காலை முன்னால் வைத்து, வலது காலை அதன் பக்கத்துக்கு இழுத்து, அந்த நீள முற்றத்தை அவள் கடக்கும்வரை அவர் இரண்டடி பின்னால் நடந்தார். எதிரே வந்த ஒருவர் வணக்கம் சொன்னார். யாரென்று பார்க்காமலே இவரும் வணக்கம் சொன்னார்.

வாசலில் நுழைவு அட்டை இல்லாமல் விடமாட்டோம் என்றார்கள். அட்டை வேண்டுமானால் படிவம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், பன்னிரண்டு பதினெட்டு. மனைவியின் கையைப் பார்த்தாள், சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். “குடுங்கம்மா, நான் எழுதிடறேன்.”

“வேண்டாம், நானே எழுதறேன்.”

அவள் பேனாவை இடது கையில் வாங்கினாள். பெரியவர் தாளின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் அவள் விழுந்துபோன தன் வலது கையைத் தூக்கித் தாளின் மேல் பாரம்போல வைத்துவிட்டாள். தாள் நகரவில்லை. அவர் கை அந்தரத்தில் நின்று, திரும்பிவந்து தடியைப் பிடித்தது.

ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கட்டத்தை விட்டு இறங்கியும் ஏறியும் வந்தது. பின்னால் வரிசை நீண்டது. யாரோ இருமினார்கள். யாரோ, என்னாச்சு முன்னால என்று கேட்டார்கள். பெரியவருக்குக் காது சுட்டது. பேனாவைப் பிடுங்கி இரண்டே நொடியில் எழுதி முடித்துவிட அவர் விரல்கள் தடியின் மேல் துடித்தன. பெயர் முடிந்தது. ஊர் முடிந்தது. ‘தொழில்’ என்றிருந்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அவள் அண்ணாந்து அவரைப் பார்க்கவில்லை. குனிந்த தலையோடு, மை தொடாத அந்தக் கட்டத்துக்கு மேலே பேனாவைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், வரிசைக்கும் அவளுக்கும் நடுவே, அவர் தடியை ஊன்றிக் குறுக்கே நின்றார்.