ஆறாவது கையெழுத்து

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் சொல்கிற நாக்கு அழுகிப் போகட்டும். சத்தியம் செய்தாகிவிட்டது, இனி நடந்ததைச் சொல்லலாம்.

மூன்றாம் நாள் காலை, பயிற்சி மையத்தின் மாடியில் பிரெஞ்சு டீச்சர் கையெழுத்து வரிசையில் நின்றிருந்தாள். இருந்தது ஒரே பேனா. அதையும் மேசைக் காலில் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கயிறு குட்டை, எல்லோரும் மேசையைக் கும்பிடுகிற மாதிரி குனிந்துதான் கையெழுத்திட்டார்கள். ஒன்பது வருடமாக அவள் ஒப்பந்த ஆசிரியை. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. ‘வட்டாரக் காலனி ஆட்சி வரலாறு’ பயிற்சிச் சான்றிதழ் இருந்தால்தான் புதுப்பிப்பார்கள். மூன்று நாள், காலை ஒன்று, பிற்பகல் ஒன்று, ஆக ஆறு கையெழுத்து, ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் இல்லை. இது ஐந்தாவது.

பயிற்சி பிரெஞ்சு ஆசிரியர்களுக்கும் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் பொது. பொது என்றால் ஒருங்கிணைப்பாளருக்குத் தனித்தனி என்று பொருள். பிரெஞ்சு மாடியில், சமூக அறிவியல் கீழே. பழைய ஆவணங்கள் அத்தனையும் பிரெஞ்சில். அவை கீழே போயின. அவற்றுக்கான வரலாற்றுக் குறிப்புகள் மாடிக்கு வந்தன. மாடிக்காரர்கள் இரண்டு நாளாகக் குறிப்புகளில் எழுத்துப்பிழை திருத்தினார்கள். கீழே உள்ளவர்கள் ஆவணங்களைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, காகிதத்தின் தரம் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதற்கு ‘நன்று’ கிடைத்தது.

“சார், எல்லாரையும் சேர்த்து உட்கார வச்சிடுங்களேன்,” என்றாள் டீச்சர் ஒருங்கிணைப்பாளரிடம்.

“பட்டியல்ல இப்படித்தாம்மா இருக்கு. மாத்தணும்னா மேலிடத்துக்கு எழுதணும்.”

“எழுதுனீங்களா?”

“முதல் நாளே எழுதிட்டேன். பதில் நாலாம் நாள் வந்துடும்.”

இரண்டு மணிக்கு ‘உலக உருண்டை’ மூச்சு வாங்க மாடியேறி வந்தார். சமூக அறிவியல் வாத்தியார். பாடத்துக்கும் தொப்பைக்கும் சேர்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

“டீச்சர், அஞ்சு நிமிஷம் கீழே வாங்க. துறைமுகப் பாலம் கட்டின காலத்துப் பதிவேடு ஒண்ணு. தேதி தெரியுது, மத்தது ஒண்ணும் பிடிபடலை.”

“மூணு மணிக்குக் கையெழுத்து சார்.”

“அதுக்குள்ள திரும்பிடலாம்மா.”

கூலியாட்களின் வருகைப் பதிவேடு அது. ஆட்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். அவள் விரல் வைத்து வாசித்தாள். நாற்பத்தொன்றாம் எண் ஆள் பன்னிரண்டாம் தேதி வரை வந்திருந்தான். அதன்பிறகு தினமும் ‘வரவில்லை’.

“ஓடிட்டானா?” என்றது பின்வரிசை.

ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“தூண் குழியில மண் சரிஞ்சிருக்கு. நாற்பத்தொண்ணை வெளியே எடுக்கலை. வேலை நிக்கலை.”

“அட பாவிகளா! அப்போ அவன் அங்கேயேதான இருந்திருக்கான்?”

“இப்பவும் அங்கதான் இருக்கான்,” என்றார் உலக உருண்டை. “தினம் அவன் மேலதான் நான் சைக்கிள் ஓட்டிட்டு வர்றேன்.”

மூன்று நாளில் முதல்முறையாக யாரும் கொட்டாவி விடவில்லை. பிறகு முப்பது பேரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டார்கள். கதவோரம் ஒருங்கிணைப்பாளரும் வந்து நின்று, தலையாட்டிக் கேட்டுவிட்டு மாடிக்குப் போனார். “டீச்சர், மேலே கையெழுத்துக் கட்டத்தை மூடப் போறாங்க!” என்று வாசல் காவலாளி இரண்டு முறை கத்தினான். “இதோ வந்துட்டேண்ணே, ஒரு வரிதான்” என்றாள். அந்த ஒரு வரி நாலு மணிவரை நீண்டது.

ஓடினாள். பேனாவைக் கயிற்றிலிருந்து அவிழ்த்தாகியிருந்தது.

“சார், நான் கீழேதான் இருந்தேன். நீங்களே நின்னு கேட்டீங்க.”

“கேட்டேன்மா. அருமையா வாசிச்சீங்க. ஆனா கீழ்ப் பட்டியல்ல உங்க பேரே இல்லை. மேல் பட்டியல்ல பேர் இருக்கு, நீங்க இல்லை.”

“முப்பது பேர் சாட்சி இருக்கோம் சார்!” பின்னாலேயே வந்த உலக உருண்டை கத்தினார்.

“சாட்சிக்குக் கட்டம் இல்லையே சார்.”

ஒருங்கிணைப்பாளர் ஸ்கேலை வைத்தார். ஆறாவது கட்டத்தில், கோடு தாண்டாமல், சிவப்பு மையில் எழுதினார்: வரவில்லை. மை காய ஊதினார். எதிரே நின்ற டீச்சரின் முந்தானையில் அந்தக் காற்று பட்டது.

இவ்வளவையும் மாடிக்கும் கீழுக்கும் அலைந்து நேரில் பார்த்துச் சொன்னவன் வாசல் காவலாளி. அவனும், பதிவேட்டின்படி, அந்த மூன்று நாளும் வேலைக்கு வரவில்லை.