எண்ணூறு முதியவர்களும் ஒரு கோழிப்பண்ணையும்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாக முக்கியமான நாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் நம் ஊரின் மானம், மரியாதை, நிலத்தடி நீர் ஆகிய மூன்றும் காப்பாற்றப்படவிருக்கின்றன.

இப்படி ஒலிபெருக்கியில் முழங்கியவர் ஊர்ப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். சமுதாயக் கூடத்தில் கூடியிருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒலிபெருக்கி இல்லாமலேயே கேட்டிருக்கும். ஆனால் தலைவர் குடிநீர்த் துறையில் துணை உதவி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் அவருக்குக் கீழே மேற்பார்வை பார்க்க ஓர் ஆள்கூட இருந்ததில்லை. இப்போதுதான் ஒரு ஊரே கிடைத்திருக்கிறது.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கைக்கு மட்டும் உண்மையாகவே இழப்பதற்கு ஒன்று இருந்தது. ஊரில் அவளைக் கோழியக்கா என்பார்கள். ஊருக்கு மேற்கே அவளுக்கு ஒரு கோழிப்பண்ணை. பண்ணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தரிசில்தான், எண்ணூறு வீடுகளோடு முதியோர் நகரம் ஒன்றைக் கட்டப் போவதாக ஒரு கம்பெனி பலகை நட்டிருந்தது.

ஆட்சேபங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

"எல்லாரும் வழுக்கையா வருவாங்க. எண்ணூறு வீடு இருந்து எனக்கென்ன லாபம்?" என்றார் முடிவெட்டுபவர்.

"எல்லாருக்கும் சர்க்கரை இருக்கும். என் கேக்கை யாரு தொடுவா?" என்றார் பேக்கரிக்காரர்.

"அதெல்லாம் விடுங்கப்பா. இடுகாட்டுல நமக்கே இடம் பத்தல. நேத்து வந்தவன் முந்திக்குவான்," என்றார் மர மில்காரர். அவருக்கு வயது எழுபத்தாறு. அந்த இடத்தின் மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது.

கோழியக்காவின் கவலை வேறு. குடியிருப்பவர்கள் சேர்ந்து புகார் கொடுத்தால் பண்ணைக்குப் பூட்டுப் போடலாம் என்று விதி இருக்கிறது. அவளுடைய சித்தி மகன் பண்ணை அப்படித்தான் போனது. நல்ல காற்று வேண்டும் என்று வந்து வீடு கட்டியவர்கள், காற்றில் கோழியும் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து மனுப் போட்டார்கள். நாலாயிரம் கோழி வளர்த்தவன் இன்றைக்கு பஸ் நிலையத்தில் செல்போன் உறை விற்கிறான்.

தலைவரின் திட்டம் எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்காரன் வீடு வாங்க நினைக்கும் முதியவர்களைப் பஸ்ஸில் கூட்டி வருகிறான். அந்த நேரம் பார்த்து ஊர் தன் சுயரூபத்தைக் காட்ட வேண்டும். டிராக்டர்கள் உறும வேண்டும். மில்லில் ரம்பம் ஓட வேண்டும். பேக்கரியில் ரொட்டி கருக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கோழியக்கா தன் எருக்குழியைத் திறந்துவிட வேண்டும்.

"நீதாம்மா நம்ம பீரங்கி," என்றார் தலைவர்.

அதோடு நிற்கவில்லை. "கோழிப்பண்ணையின் நாற்றம் தாங்க முடியாதது, ஆகவே முதியோர் வாழ இவ்விடம் தகுதியற்றது" என்று ஒரு மனு எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அதைச் சுகாதார அதிகாரிக்கு அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சாட்சியாக நிற்கும்படியும் கேட்டிருந்தார்.

"அண்ணே, நாத்தம்னு நாமளே எழுதிக் கொடுத்தா அது என் தலையில வந்து விடியாதா?"

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு ராஜதந்திரம் புரியாது."

சின்னப் பெண்ணுக்கு ஐம்பத்திரண்டு வயது. எழுந்து வீட்டுக்குப் போனாள்.

அவள் குழி சாதாரணக் குழி அல்ல. மரத்தூள் போட்டு, சுண்ணாம்பு தூவி, கிளறிக் காயவைத்து, மேலே தார்ப்பாய் மூடி, பக்கத்தில் நின்று சாப்பிடலாம் போல வைத்திருப்பாள். ஞாயிறு காலை அந்தத் தார்ப்பாயை இழுத்துவிட்டு, குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டாள். சொந்தப் பிள்ளையின் முகத்தில் கரியைப் பூசுவது போல இருந்தது அவளுக்கு.

எழுந்ததை நாற்றம் என்றால் குறைத்துச் சொன்னதாகும். அது ஓர் ஆளைப் போல எழுந்து நின்றது, சோம்பல் முறித்தது, சாவகாசமாக ஊரைப் பார்த்து நடந்தது. முடிவெட்டுபவர் பாதித் தலையோடு ஒருவரை நாற்காலியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். பேக்கரிக்காரர் கருக வைத்த ரொட்டியின் வாசனை தனக்கே தெரியவில்லை என்று வருத்தப்பட்டார்.

பஸ் வந்தது. கதவு திறந்து, கைத்தடிகள் முதலிலும் முதியவர்கள் பின்னாலும் இறங்கினார்கள். டிராக்டர்கள் உறுமின. ரம்பம் அலறியது.

"ஆஹா!" என்றார் தொப்பி போட்ட ஒரு பெரியவர். "காது கேக்குது எனக்கு! ஏம்மா, உனக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க!" என்று கத்தினாள் அவர் மனைவி. "பையன் வீட்டுல டிவியக்கூட ஊமையா வச்சில்ல பாக்கச் சொல்றான். இங்க பாருங்க, என்ன ஒரு கலகலப்பு!"

கழுத்தில் டை கட்டிய கம்பெனிக்காரர் வெளுத்துப்போன முகத்தோடு கைக்குட்டையைத் தேடினார். அவருக்கு மூக்கு வேலை செய்தது. மற்றவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பாதிப் பேருக்கு மூக்கு ஓய்வு பெற்று வருடக்கணக்காகியிருந்தது. மீதிப் பேர் கோழிகளைப் பார்த்துவிட்டார்கள்.

"அம்மா, முட்டை எடுக்கலாமா? உடைக்க மாட்டேன்," என்று குழந்தை மாதிரிக் கேட்டார் தொப்பிக்காரர்.

கோழியக்கா கூடையைக் கொடுத்தாள். வேறு என்ன செய்வது? கொஞ்ச நேரத்தில் பண்ணைக்குள் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்று, யார் முட்டை பெரிது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் சுகாதார அதிகாரி வந்தார், முகக்கவசத்துக்கு மேல் முகக்கவசம் போட்டுக்கொண்டு.

தலைவர் மூக்கைப் பொத்தியபடி முன்னே வந்து, "பார்த்தீர்களா! முதியவர்கள் தவிக்கிறார்கள்!" என்றார்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். தவித்தவர்களில் ஒருத்தி மடியில் ஒரு கோழியை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அவங்க வெளியூர். கணக்குல வர மாட்டாங்க," என்றார் அதிகாரி. "மனுவில கையெழுத்துப் போட்டது நீங்கதானே? குடியிருப்பவர்கள். நாற்றம் தாங்கலன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அப்ப பண்ணையை இன்னைக்கே மூடிரலாம்."

"பண்ணையையா? நான் சொன்னது முதியோர் நகரத்தை!"

"அது இன்னும் கட்டவே இல்லையே. கட்டாததை எப்படி மூடுறது?"

  கோழியக்கா அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

"சார், உங்களுக்கே நாத்தம் வருதுல்ல?" என்று எதற்கோ கேட்டுவைத்தார் முடிவெட்டுபவர்.

"எனக்கு வர்றது கணக்கில்ல. விதியில அதிகாரி மூக்கு கிடையாது. புகார் கொடுத்தவங்க இதே இடத்துல நின்னு, நாற்றம் இல்லைன்னு சொல்லித் திரும்ப வாங்கிக்கலாம். இல்லைன்னா பூட்டு."

தலைவர் கைக்குட்டைக்குள் யோசித்தார். நாற்றம் இல்லை என்றால் போராட்டம் போச்சு. இருக்கிறது என்றால் தங்கை போச்சு. பெரிய தலைவர்களுக்கு வரலாற்றில் இப்படிப்பட்ட கட்டங்கள் வருவதுண்டு. ஆனால் அவர்கள் பக்கத்தில் மனைவி நின்றிருக்க மாட்டாள்.

"ஏங்க, கூடப்பொறந்தவ. வாயைத் திறந்து சொல்லுங்க," என்றாள் அண்ணி.

"திறந்தா உள்ள போகுதுடி."

"போகட்டும். இத்தனை நாள் அந்த வாயிலருந்து வெளிய வந்ததுக்கு இது ஒண்ணும் மோசமில்ல."

தலைவர் கைக்குட்டையை இறக்கினார். அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு பச்சையானது. கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிய, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார்.

"நாற்றமா?" என்றார். "எங்கே?"

கோழியக்கா தன் வாழ்நாளில் அண்ணனைப் பெரிய மனிதர் என்று நினைத்தது அந்த ஒரு நிமிடம்தான்.

ஒருவர் பின் ஒருவராக ஊரே வந்து மூச்சு இழுத்தது. "மல்லிகை மாதிரி இருக்கு," என்றார் முடிவெட்டுபவர், கொஞ்சம் அதிகமாகவே. "பசிக்குது," என்று சொல்லிவிட்டுப் பேக்கரிக்காரர் வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். மர மில்காரர் ஒரே இழுப்பில் மயங்கி விழுந்தார். விழும்போது, "சுத்தமான காத்து," என்றது எல்லோருக்கும் கேட்டது. அதிகாரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். டை கட்டியவர் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்தார்.

"ஐயா, இன்னொரு தடவை. இந்தத் தடவை சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க."

தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மறுநாளே கோழியக்கா எருக்குழியை மூடினாள். நாற்றம் போக நாளாயிற்று. அதுவரை ஊரில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை, பொத்தினால் கையெழுத்து என்னாவது? நாற்றம் இல்லை என்று அதிகாரி கொடுத்த சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பண்ணை வாசலில் மாட்டினாள். இனி எண்ணூறு பேர் வந்தாலும் எட்டாயிரம் பேர் வந்தாலும் வரட்டும் என்று, முட்டைக்குப் புதிதாக இரண்டு அலமாரியும் செய்யச் சொல்லிவிட்டாள். பேக்கரிக்காரர் சர்க்கரை இல்லாத கேக்கைப் பரீட்சை பார்க்க ஆரம்பித்தார். முதியோர் நகரத்தின் நல்லெண்ணத் தூதராகத் தன்னை நியமித்துக்கொண்ட தலைவர், திறப்பு விழாவுக்கு ஆற்ற வேண்டிய உரையைக் கண்ணாடி முன் பழகினார்.

அந்த மாதக் கடைசியில் கம்பெனி வேறு ஊரில் கட்டப் போய்விட்டது. அங்கே நிலம் விலை குறைவு.