உட்பக்கத் தாழ்ப்பாள்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததில்லை, கண்ணுகளா, திருட்டுச் சரக்கு. என் ஜன்னலைச் சரிசெய்ய வந்த தச்சர், "பதிமூணு வயசும்மா என் பொண்ணுக்கு. ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கேக்கறா" என்றார். மகள் சொத்தைப் பிரித்துக் கேட்டுவிட்டதுபோல இருந்தது முகம்.

2

முதல் வரி: 'மொட்டொன்று மெல்ல மலர்ந்து...'

(அடித்துவிட்டேன். பெண்பிள்ளை வளர்வதை எழுத உட்கார்ந்தாலே எல்லோருக்கும் தோட்டக்காரர் புத்தி வந்துவிடுகிறது. நம் ஆள் தச்சர். கதவை வைத்தே சொல்கிறேன்.)

ஒரு வயதில், அவள் தவழ்ந்து தெருவுக்குப் போகாமலிருக்க வாசலில் குறுக்குப் பலகை அடித்தார். அதன்மேலும் ஏறி விழுந்தாள். நாலு வயதில், அவர் குளிக்கப் போனால் கதவைக் குத்துவாள்.

"அப்பா, உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"இப்பவும்?"

எட்டில் எந்தக் கதவையும் சாத்தமாட்டாள். பத்தில் எல்லாவற்றையும் அறைந்து சாத்தினாள். பன்னிரண்டில் சத்தமே இல்லாமல் சாத்தினாள். அறைந்தபோது அதட்ட முடிந்தது. இதற்கு என்னவென்று அதட்டுவது? கீலுக்கு எண்ணெய் போட்டதே அவர்தான்.

3

வீட்டில் மாநாடு கூடியது. தலைமை, தச்சரின் அக்கா.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு என்னடி பண்ணுவ?"

"சும்மா இருப்பேன் அத்தை."

"சும்மா இருக்கறதுக்கு எதுக்குடி தாழ்ப்பாள்?"

"அது இருந்தாத்தான் இந்த வீட்டுல சும்மா இருக்க முடியும்."

(பெண்ணின் அம்மாவை எழுத மூன்று தரம் முயன்றேன். மூன்று தரமும் "போட்டுக் குடுங்களேன்" என்று கதையை அங்கேயே முடிக்கப் பார்த்தாள். வேலைக்கு அனுப்பிவிட்டேன்.)

4

தச்சர் போட்டார். பளபளக்கும் பித்தளைத் தாழ்ப்பாள். ஆனால் ஒரு அங்குல ஸ்க்ரூ போகவேண்டிய இடத்தில் கால் அங்குல ஸ்க்ரூவைத்தான் முடுக்கினார். தோளால் ஓர் இடி இடித்தால் கையோடு வந்துவிடும். ஓர் அவசரத்துக்கு, என்று தனக்கே சொல்லிக்கொண்டார். என்ன அவசரம் என்று நான் கேட்டதற்கு அவர்

(ஸ்க்ரூடிரைவரைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்.)

மகள் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தச்சர் வீட்டுப் பெண்ணாயிற்றே.

"அப்பா, ஊரார் வீட்டுக்கும் இதைத்தான் போடுவீங்களா?"

அவர் வேலையை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. காதுமடல் சிவந்தது. பெட்டியைத் திறந்து நீள ஸ்க்ரூக்களை எடுத்தார்.

5

நாலும் இறங்கின. மகள் ஆட்டிப் பார்த்தாள்.

"நீங்க வெளிய போய்த் தள்ளிப் பாருங்க."

போனார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"நல்லாத் தள்ளுங்கப்பா."

முடிவு ஒன்று: விரலால் தொட்டுவிட்டு, "கெட்டியா இருக்கு" என்றார். (மறுபடியும் கால் அங்குலம். கண்டுபிடித்துவிடுவாள்.)

முடிவு இரண்டு: தோள் கொடுத்து இடித்தார். கதவு இம்மி அசையவில்லை. தன் கைவேலையை நினைத்துப் பெருமிதத்தோடு அங்கேயே உட்கார்ந்து (வேண்டாம். என்னால் ஆகாது.)

முடிவு மூன்று:

அவள் உள்ளே காத்திருக்கிறாள். கதவில் கை வைத்தபடி அவர் நிற்கிறார். நீங்களும் நானும் அவரோடு வெளியேதான் நிற்கிறோம், கண்ணுகளா. உள்ளே போக நமக்கு வழியில்லை. ஆளுக்கொரு கை வையுங்கள். எவ்வளவு பலமாகத் தள்ளுவது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.