ஒன்பதாம் படம்

காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் அனுப்பிய பதினோரு பக்க அறிக்கையைக் கடைசி வரிவரை படித்துவிட்டு ரஜிதா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஈப்போ பழைய நகரத்தில் ஒரு காப்பிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய அலுவலகம். காப்புரிமை முகவர் என்று வாசலில் மூன்று மொழியில் எழுதியிருக்கும். கீழேயிருந்து காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. எதிரே தினேஸ்வரி, கையுறைத் தொழிற்சாலையின் நீலச் சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல், அரைநாள் விடுப்பில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“முடியாதுன்னுட்டாங்களா மிஸ்?”

“அப்படி இல்லக்கா. ஆட்சேபனை. ஆனா எதையும் விட்டு வைக்கல. ரெண்டு பழைய டாக்குமென் எடுத்திருக்காங்க. ஒண்ணு ஜப்பான்ல பதிமூணு வருசத்துக்கு முந்தி பதிஞ்சது. அதுல சில்லோட விரல் நுனிக்கு ரெண்டு பக்கமும் பட்டை போட்டிருக்காங்க. இன்னொண்ணு வேற மாதிரி ஃபில்டர். அதுல ஒரு பக்கம் மட்டும். ரெண்டையும் சேர்த்தா உங்களோடது வந்துரும், இந்தத் தொழில் தெரிஞ்ச யாருக்கும் அது தோணக்கூடியதுதான்னு எழுதியிருக்காங்க.”

“பத்தொம்பது வருசம் எங்க பழைய கிலாங் ஃபேக்டரியில இருந்தவங்க யாருக்கும் தோணலியே.”

“அதச் சொல்லி ஜெயிக்க முடியாதுக்கா. ஆதாரம் வேணும்.” ரஜிதா அறிக்கையை அவள் பக்கம் தள்ளினாள். “பெரிய பெரிய கம்பெனியே இந்த இடத்துல விட்டுருவாங்க. நீங்களும் விட்டுரலாம்னு நான் சொன்னா கோவிச்சுக்காதீங்க.”

“விட்டா என்னாகும்?”

“விண்ணப்பம் ஏற்கெனவே வெளியாயிருச்சு. யாரு வேணும்னாலும் எடுத்துச் செஞ்சுக்கலாம்.”

மறுமொழி கொடுக்க ஏழு வாரம் மிச்சமிருந்தது. தினேஸ்வரி அறிக்கையை மடிக்காமல் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். “படிச்சுப் பாக்குறேன் மிஸ்,” என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் இதுதான். கைப்பேசிக்குள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு சில்லு உண்டு. காற்றில் நெரிசலாகப் போகும் அத்தனை வானொலி அலைகளிலிருந்தும் தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் பொறுக்கி உள்ளே விடுவது அதன் வேலை. அதைத்தான் ஃபில்டர் என்பார்கள். படிகத்தின்மேல் இரண்டு சீப்புகளை எதிரெதிரே கோத்து வைத்தாற்போல மெல்லிய உலோக விரல்கள் இருக்கும். மின்சாரம் பட்டால் படிகத்தின் மேற்பரப்பு நடுங்கும். அந்த நடுக்கம் குளத்துச் சிற்றலை மாதிரி ஓடும். விரல்களின் இடைவெளிக்குப் பொருந்துகிற அலை மட்டும் கடந்து போகும். கமுந்திங்கில் இதைச் செய்த தொழிற்சாலையில் தினேஸ்வரி பத்தொன்பது வயதில் சேர்ந்து பத்தொன்பது வருடம் இருந்தாள். அதில் பதினைந்து வருடம் அளவுப் பிரிவு. சில்லின்மேல் ஊசியை இறக்க வேண்டும், திரையில் எழும் கோட்டைப் பார்க்க வேண்டும், நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல். அலை நேராகப் போகாமல் பக்கவாட்டில் சிதறினால் அந்தக் கோட்டில் கூரான சின்ன மேடுகள் கிளம்பும். பொறியாளர்கள் அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் சொல்வார்கள். உற்பத்தி லைனில் இருந்த பெண்களுக்கு அது ‘பல்லு’.

பல்லைக் குறைக்கத்தான் விரல் நுனிகளின்மேல் கண்ணாடிப் பூச்சில் ஒரு மெல்லிய பட்டை போடுவார்கள், இரண்டு பக்கமும். சின்னப் பற்கள் போய்விடும். வலதுகோடியில் ஒரு பெரிய பல் மட்டும் போகவே போகாது. வருடக்கணக்காக எல்லாரும் அதோடு வாழப் பழகியிருந்தார்கள். ஒருநாள் பூச்சு இயந்திரம் பிசகி, ஒரு தொகுதி முழுவதும் ஒரு பக்கம் மட்டுமே பட்டை விழுந்துவிட்டது. தூக்கிப் போடு என்றார் மேற்பார்வையாளர். தூக்கிப் போடுவதற்கு முன்னும் ஒன்றை அளந்து குறிக்க வேண்டும் என்பது விதி. தினேஸ்வரி அளந்தாள். வலதுகோடியில் பல் இல்லை. ஊசி சரியாகப் படவில்லையோ என்று மறுபடி இறக்கினாள். இல்லை. அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கே அவள் போகவில்லை.

அதன்பிறகு எட்டு மாதம், சில்லு வெட்டும் படிகத் தட்டுகளான வேஃபர்களில் கழிவானவற்றை வைத்து, பட்டையின் அகலத்தை மாற்றி மாற்றிச் செய்து பார்க்கப் பிரிவுத் தலைவர் விட்டார். அதற்குள் அந்த லைனையே வேறு நாட்டுக்கு மாற்றுவது என்று நிறுவனம் முடிவெடுத்துவிட்டது. ‘இதில் எங்களுக்கு ஆர்வமில்லை, உங்கள் பெயரிலேயே பதிந்துகொள்ளலாம்’ என்று ஒரு கடிதமும், இரண்டு வகையிலும் நாற்பது மாதிரிச் சில்லுகள் உள்ள ஒரு சிறு பெட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். மற்றப் பெண்கள் கடிகாரமும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜப்பானிய ஆவணத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு நாற்பத்திரண்டு பக்கம். சுங்கை சிப்புட் பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில் அதை அச்செடுத்தாள். வேலைக்குப் போகும் பேருந்தில் ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என்று படித்தாள். முதல் வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே வாக்கியம் அரைப்பக்கத்துக்கு ஓடியது. இரண்டாம் வாரத்தில் வாக்கியங்களை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்க்க ஆரம்பித்தாள். அது அவளுக்குத் தெரிந்த மொழி.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் அவள் கணவன் அர்ச்சுனன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். சிமெண்டு மூட்டை ஏற்றுகிற லாரி. வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. தினேஸ்வரி படியில் உட்கார்ந்து ஒன்பதாம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகான கோடு. பல்லே இல்லை. ‘வரைபடம் 9இல் காண்பதுபோல, வேண்டாத மேடுகள் முழுவதும் நீங்கின’ என்று அடியில் எழுதியிருந்தது. பரிசோதகர் அறிக்கையில் மேற்கோள் காட்டியிருந்ததும் அதே வரிதான்.

முழுவதும் எப்படி நீங்கும்? இரண்டு பக்கமும் பட்டை போட்ட சில்லை அவள் லட்சக்கணக்கில் அளந்திருக்கிறாள். தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். கோடு வலதுபக்கம் இறங்கி, சமமாகி, கட்டத்தின் விளிம்பைத் தொடும் இடத்தில், மயிரிழை அளவுக்கு, தலை தூக்கியது. அதோடு படம் முடிந்துவிட்டது.

அவள் எழுந்து நின்றாள்.

“என்னலா?” என்றான் அர்ச்சுனன், கையில் ரப்பர் குழாயோடு.

“பல்லு இருக்கு. இவங்க படத்த அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க.”

“வேணும்னே செஞ்சாங்களா?”

“அப்படிச் சொல்ல முடியாது. அவங்களுக்குத் தேவைப்பட்டது அதுவரைக்கும்தான் போல. ஆனா பல்லு அங்க இருக்கு.”

அவனுக்கு என்ன படம், என்ன பல் என்று முழுசாக விளங்கவில்லை. ஆனால் லைன் மூடிய நாளிலிருந்து அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்ததில்லை. குழாயை மூடிவிட்டு, “மிஸ்ஸுக்குப் போன் போடு,” என்றான்.

கேட்டுவிட்டு ரஜிதா தன் கோப்பிலிருந்த ஒன்பதாம் படத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு, “அளந்து காட்ட முடியுமாக்கா?” என்றாள்.

காட்ட முடிந்தது. பழைய லைனில் இளம் பொறியாளனாக இருந்த தனேஷ் இப்போது ஈப்போவில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளன். அங்கே ஆய்வகத்தில் அளவுக் கருவி இருந்தது. அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுவதும் அவளுக்கு அதை ஒதுக்கிக் கொடுத்தான். தினேஸ்வரி பெட்டியிலிருந்த சில்லுகளின்மேல் ஊசியை இறக்கினாள். நாலு வருடம் ஆகியிருந்தும் முதல் முறையே சரியாகப் பட்டது. இரண்டு பக்கப் பட்டைச் சில்லில், ஜப்பானியப் படம் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பல் கோபுரம் மாதிரி நின்றது. ஒரு பக்கப் பட்டையில் இல்லை.

ஆனால் எல்லா ஒரு பக்கப் பட்டையிலும் பல் இல்லை என்று சொல்ல முடியவில்லை. விரலின் அகலத்தைப்போல ஒன்றேகால் மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை பட்டை இருந்தால் கோடு சுத்தமாக இருந்தது. அதைவிடக் குறுகினாலும் அகன்றாலும் பல் திரும்ப வந்துவிட்டது. ஒன்பது சில்லு அப்படி. விண்ணப்பத்தில் அவள் கேட்டிருந்ததோ எந்த அகலமானாலும் தனக்கே என்று.

“இந்த ஒம்பதையும் கொண்டுபோக வேணாம்க்கா,” என்றாள் ரஜிதா. “நல்லா வந்தது மட்டும் போதும். நாமளே நமக்கு எதிரா ஏன் எடுத்துக் கொடுக்கணும்?”

“அளந்தாச்சே மிஸ்.”

“அளந்தா காட்டணும்னு இல்ல.”

தினேஸ்வரி தாள்களை அடுக்கும்போது அந்த ஒன்பதையும் சேர்த்தே அடுக்கினாள்.

நேரில் விளக்கம் கேட்கப் பரிசோதகர் சம்மதித்து ஒரு செவ்வாய்க்கிழமை நாள் கொடுத்தார். ஈப்போவிலிருந்து காலை ரயிலில் இருவரும் கோலாலம்பூர் போனார்கள். தினேஸ்வரி தீபாவளிக்கு எடுத்த பச்சைப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள்.

பரிசோதகர் புவான் நோர்லைலாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் முன்னால் இருந்த விண்ணப்பத்தில் பென்சில் குறி இல்லாத பக்கமே இல்லை. இந்தத் தாள்களை ஒருவர் இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார் என்பதே தினேஸ்வரிக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பேச்சு மலாயில் நடந்தது, ‘அம்மா’ என்பதற்குப் பதில் ‘புவான்’ என்று.

“ஜப்பானிய ஆவணத்திலேயே மேடுகள் இல்லை. அப்புறம் நீங்கள் புதிதாக எதைத் தீர்த்தீர்கள்?”

ரஜிதா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தினேஸ்வரி ஒன்பதாம் படத்தை மேசையில் வைத்து, கோடு முடியும் இடத்தில் விரல் வைத்தாள்.

“இங்கே தலை தூக்குகிறது புவான். மேடு இதற்கு அப்பால் இருக்கிறது. படம் அதற்கு முன்னால் நின்றுவிட்டது.”

புவான் நோர்லைலா குனிந்து பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “எப்படித் தெரியும்?”

“பதினைந்து வருடம் இந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

“நீங்கள் பார்த்ததை நான் கோப்பில் எழுத முடியாது.”

தினேஸ்வரி கல்லூரியில் அளந்த தாளை அதன் பக்கத்தில் வைத்தாள். அதே கோடு, அதே அளவுகோல், ஆனால் இன்னும் நாலு விரல் நீளம் வலதுபக்கம் ஓடியது. அங்கே பல் நின்றது. பரிசோதகர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பென்சிலை எடுத்தார், எழுதாமல் வைத்தார்.

“சரி. ஒரு பக்கம் மட்டும் பட்டை போட்டால் இது எப்போதும் போய்விடுமா?”

மேசைக்கு அடியில் ரஜிதாவின் கால் தன் செருப்பைத் தொடுவதை தினேஸ்வரி உணர்ந்தாள். எட்டு மாதம் நின்றுகொண்டே வேலை பார்த்தது நினைவுக்கு வந்தது. எந்த அகலமும் எனக்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நினைவுக்கு வந்தது. ஆம் என்று சொன்னால் ஒருவேளை எல்லாமே கிடைக்கலாம்.

“போகாது புவான்,” என்றாள். ஒன்பது தாள்களையும் எடுத்து வரிசையாகப் பரப்பினாள். “குறுகினால் வரும். அகன்றாலும் வரும். நடுவில் மட்டும்தான் போகிறது.”

ரஜிதா கண்களை மூடித் திறந்தாள்.

புவான் நோர்லைலா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு தாளாக எடுத்தார். ஓரத்தில் எழுதியிருந்த அகலங்களைப் பென்சிலால் ஒரு துண்டுத்தாளில் ஏறுவரிசையில் குறித்தார். சுவர்க் குளிரூட்டி ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. கடைசி அகலத்தையும் குறித்த பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலப் பேசினார்.

“இந்த இரண்டு ஆவணத்தையும் ஒருவர் சேர்த்துப் பார்த்தால், ஏதாவது ஓர் அகலத்தில் பட்டை போட்டுப் பார்ப்பார். பத்துக்கு எட்டுத் தடவை மேடு இருக்கும். இது சரிவராது என்று விட்டுவிடுவார். அகலத்தில்தான் விஷயம் என்று இரண்டில் எதுவும் சொல்லவில்லை.” தலை நிமிர்ந்தார். “அந்த எல்லைக்குள் மட்டும் கேளுங்கள். எழுத்தில் கொடுங்கள். இந்த ஒன்பது அளவுகளையும் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள்.”

வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது ரஜிதா சிரிக்க ஆரம்பித்தாள். “அக்கா, நான் வேணாம்னு சொன்ன பேப்பர்தான் நம்மளக் காப்பாத்திச்சு.”

“இன்னும் எழுத்துல வரல மிஸ்.”

“வரும்லா. அவங்க பென்சில பாத்தீங்கள்ல.”

ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தினேஸ்வரி கைப்பேசியைத் திறந்தாள். ரஜிதா எதுவும் எழுதாமல் ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பியிருந்தாள். திருத்தப்பட்ட கோரிக்கைகள் புதியவை, எளிதில் தோன்றக்கூடியவை அல்ல, காப்புரிமை வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது. கீழே கண்டுபிடிப்பாளர் என்ற கட்டம். அதில் ஒரே ஒரு பெயர். தினேஸ்வரி, பழனியப்பனின் மகள். அவள் அதை மூன்று முறை படித்தாள். நாலாவது முறை எழுத்துகள் கலங்கிவிட்டன.

“என்னக்கா, வீட்டுல எதும் பிரச்சினையா?” என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த புஷ்பலதா, பொட்டலம் கட்டும் பிரிவில் இருப்பவள்.

“இல்லலா. நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். அது என்னோடதுதான்னு சொல்லிட்டாங்க.”

புஷ்பலதா கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டினாள். பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, தினேஸ்வரியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் இதக் கொஞ்சம் பாருங்க,” என்று பின்னால் இருந்தவளிடம் கொடுத்தாள். அவள் அடுத்தவளிடம் கொடுத்தாள். நேபாளத்துப் பெண்கள் இரண்டு பேர் தலையோடு தலை முட்டிப் பார்த்தார்கள். நடுவரிசையில் யாரோ பெயரைச் சத்தமாகப் படித்தார்கள். கடைசி வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு பேருந்து முழுவதும் தட்டியது. ஓட்டுநர் கண்ணாடியில் எட்டிப் பார்த்து, என்ன ஏது என்று தெரியாமலேயே இரண்டு முறை ஹார்ன் அடித்தார். பாடாங் ரெங்காஸ் தாண்டி மலையடிவாரத்தில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய்ப்பனை வரிசைகள் ஜன்னலோரமாகப் பின்னோக்கி ஓடின. தினேஸ்வரி திரும்பி உட்கார்ந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு, தன் கைப்பேசி போய்க்கொண்டிருந்த திசையையே பார்த்தாள்.

கடைசி இருக்கையில் அது மணியடிக்க ஆரம்பித்தது. அழைப்பது யாரென்று அங்கிருந்து அவளுக்குத் தெரியவில்லை. “அக்கா, போன் லா, போன்,” என்று பல குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. மணியடித்துக்கொண்டே அது கை மாறி, கை மாறி, தலைகளுக்கு மேலே உயர்ந்து, அவளை நோக்கி முன்னால் வந்துகொண்டிருந்தது.