கடைசிப் பலகை

அப்பா செதுக்கிய நாலாவது அச்சுப் பலகையும் இரண்டாகப் பிளந்தது. அண்ணன் சுத்தியலால் போட்ட ஒவ்வொரு அடிக்கும் பக்கத்து அறையில் அவர் உடலைக் கிடத்தியிருந்த பெஞ்சு அதிர்ந்தது. அவர் கண்ணாடியை யாருக்கும் கழற்றத் தோன்றவில்லை. அது மூக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. தங்கை கடைசிப் பலகையை நெஞ்சோடு அணைத்தபடி சுவரோரம் நின்றாள்.

"மூணு மணிக்கு வண்டி வந்துடும்டா. வந்தவங்க காதுல விழுது," என்று அம்மா கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினாள்.

"விழட்டும். ஊரையே கூட்டி நம்மளப் பாத்துச் சிரிக்க வச்சாரே, அப்ப நீ எங்க போன?"

அப்பா மரத்தில் செதுக்கி அச்செடுத்ததெல்லாம் இந்த வீட்டைத்தான். பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவில், தாங்களும் உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பம். விருந்தாளி வந்ததும் அலமாரியிலிருந்து புன்னகையை எடுத்து மாட்டும் அம்மா. பதவி உயர்ந்ததும் கழுத்தும் உயர்ந்துபோன அண்ணன். அந்தப் படத்தை அவன் ஆபீஸில் யாரோ சுவரில் ஒட்டிவிட்டார்கள். அன்று சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும், அவன் அப்பாவை அறைந்தான். மறுநாள் காலையிலிருந்து அவர் கதவைச் சாத்திக்கொண்டு செதுக்கினார். நேற்று இந்தக் கடைசிப் பலகைமேலேயே கவிழ்ந்து கிடந்தார்.

"குடு அதை."

"மாட்டேன்."

அவள் கையை முறுக்கினான். அவள் கடித்தாள். பளாரென்று இடது கன்னத்தில் விழுந்தது, உதடு கிழிந்தது. அப்பா இடதுகைக்காரர், சின்ன வயதில் அவர் பிள்ளைகளை அடித்தால் வலது கன்னம்தான் வீங்கும். இந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டே அடித்தது யாரென்று சொல்லிவிடலாம். அவளுக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் பொங்கியது.

பலகை கீழே விழுந்தது. சாப்பாட்டு மேசை. ஓங்கிய ஒரு வலது கை. தட்டின் முன்னால் குனிந்த தலை.

"பாத்தியா? என் கைதான். நான் அடிச்சதை ஊரெல்லாம் ஒட்டத்தான் ரெண்டு நாளா உளியைப் பிடிச்சிருக்காரு." அவன் சுத்தியலை ஓங்கினான். "நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

அவள் வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள். "அச்சு எடுக்காத பலகையைப் பாத்து யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அப்பா கத்துவாருல்ல? ஒரே ஒரு அச்சு. அப்புறம் நீயே உடை."

அப்பாவின் பட்டறையான இந்த அறைக்குள் அண்ணன் காலெடுத்து வைத்தே பல வருடம் ஆகியிருந்தது. சுத்தியலோடு காத்து நின்றான். அவள் உருளையால் பலகை முழுக்கக் கறுப்பு மையைத் தடவி, காகிதத்தைப் பரப்பி, அப்பா சமையலறையிலிருந்து திருடி வைத்திருந்த கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு உரித்தெடுத்தாள்.

பலகையில் இருந்ததெல்லாம் காகிதத்தில் இடம் வலமாக மாறியிருந்தது. ஓங்கியிருந்தது இடது கை.

"அப்பா கை," என்றாள்.

"அப்ப அடி வாங்கறது யாரு?"

அவள் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மரத்தில் கண்ணுக்குப் படாத மெல்லிய கோடுகள் மையில் துலங்கின. அது ஒரு சின்னப் பையனின் தலை. உச்சியில் இரட்டைச் சுழி.

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தலையைத் தொட்டுப் பார்த்தான். விரலில் மை ஒட்டியது.

வாசலில் வண்டி வந்து நின்றது. அம்மா கூப்பிட்டாள். அவன் அந்த விரலாலேயே தன் உச்சந்தலைச் சுழிகளைத் தடவிக்கொண்டு நின்றான்.