குழாயடிச் சாட்சி

விஜயராணி ஞாயிறுதோறும் சொல்லும் சாட்சியை அந்தத் தெருப் பெண்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். பனியன் கம்பெனி ஓவர்லாக் மெஷினில் இடுப்பு ஒடியத் தைத்தது, ஷிப்மெண்ட் அவசரத்தில் சூப்பர்வைசர் நீட்டிய வலி மாத்திரையை விழுங்கியது, வலி போன பிறகும் மாத்திரையை விட முடியாமல் ஒருநாள் பெற்ற பிள்ளையையே பஸ் ஸ்டாண்டில் மறந்துவிட்டு வந்தது. "ஒரே ராத்திரியில கர்த்தர் என்னத் தூக்கி எடுத்தாரு. அதுக்கப்புறம் அந்த ஆசையே வந்ததில்ல" என்று முடிப்பாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள்.

அந்தக் கடைசி வாக்கியம் பொய். முதல் தடவை சொன்னபோது உண்மையாகத்தான் இருந்தது. பிறகு திருத்திச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முழு விடுதலை கிடைத்தவள் என்றுதானே பாஸ்டர் இந்த ஜெபக் கூட்டத்தையே அவளிடம் ஒப்படைத்திருந்தார்.

அனுப்பர்பாளையத்தில் ஷீட் கூரை போட்ட ஓர் அறையில்தான் கூட்டம். அவளைப் போலவே மாத்திரைக்கு அடிமையான கம்பெனிப் பெண்கள் வருவார்கள். புதிதாக வருகிறவள் தன் மாத்திரைகளை எல்லோர் முன்னாலும் தண்ணீர்க் குண்டாவில் போட வேண்டும். கரைந்ததும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிச் சாக்கடையில் ஊற்றுவார்கள். ஜெயத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று சொல்லி இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் விஜயராணி. உண்மைக் காரணம் வேறு. மாத்திரையோடு ஒரு நொடி தனியாக இருக்கவும் அவளுக்குப் பயம்.

அன்று நஞ்சம்மாளின் முறை. செக்கிங் செக்‌ஷனில் நாள் முழுக்க நின்று கால் வீங்கியவள், நெற்றித் திருநீறோடேயே ஜெபத்துக்கு வருகிற ஐம்பது வயதுக்காரி. அவள் மடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுக்கிற நேரம் பார்த்துத் தெருவில் யாரோ "தண்ணி வந்துருச்சு" என்று குரல் கொடுத்தார்கள்.

வாரக்கணக்கில் கண்ணில் காட்டாத குழாய்த் தண்ணீர். அது வந்துவிட்டால் அந்தத் தெருவில் கர்த்தரே ஆனாலும் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"சிஸ்டருங்க, இதை வெச்சுக்குங்க. உங்க கையில இருந்தா பத்திரமுங்க" என்று அட்டையைத் திணித்துவிட்டு நஞ்சம்மாளும் போய்விட்டாள். விஜயராணி கூப்பிட வாயெடுத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? இப்போதுதான் சாட்சி சொல்லி முடித்திருந்தாள்.

அறை காலியாகிவிட்டது. குண்டாவில் தண்ணீர் தயாராக இருந்தது. பிய்த்துப் போட்டால் வேலை முடிந்தது. ஒன்றைப் பிய்த்தாள். அது உள்ளங்கையில் விழுந்தது. கை குண்டாவுக்குப் போக மறுத்தது.

வாயில் எச்சில் ஊறியது. பழைய வலி இடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. பொய் வலி என்று தெரியும், ஆனாலும் வலித்தது. ஒன்றே ஒன்று, யாருக்குத் தெரியப் போகிறது, நஞ்சம்மாள் எண்ணியா வைத்திருக்கிறாள் என்று அவள் குரலிலேயே ஒருத்தி உள்ளே பேசினாள். "இயேசப்பா" என்றாள். அதற்குமேல் ஜெபம் வரவில்லை. வெளியே போய்ச் சொன்னால் கூட்டம் போய்விடும், சிஸ்டர் என்ற பெயர் போய்விடும். யோசித்துக்கொண்டு இருக்கும்போதே கை மெல்ல வாய்ப்பக்கம் உயர்வதைப் பார்த்தாள். தன் கையைக் கண்டு அவள் அப்படிப் பயந்ததே இல்லை.

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

"சிஸ்டர் மொதல்ல புடிக்கட்டுமுங்க" என்று குழாயடியில் வழிவிட்டார்கள். அவள் நஞ்சம்மாளிடம் மூடிய கையை நீட்டினாள். விரல்களைப் பிரிக்க இன்னொரு கையும் தேவைப்பட்டது.

"எடுத்துருங்கக்கா. எனக்குப் பயமாருக்கு. தின்னுருவேன்."

"என்னங்க சொல்றீங்க? உங்களுக்குத்தான் ஆசையே வரதில்லீங்களே."

"வருது. தெனமும் வருது. வரதில்லன்னு சொன்னது பொய்க்கா."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை.

நஞ்சம்மாள் அட்டையையும் பிய்த்த மாத்திரையையும் வாங்கி, மீதியை ஒவ்வொன்றாகப் பிய்த்து, எல்லாவற்றையும் தான் வரிசையில் நின்று பிடித்த நல்ல தண்ணீர்க் குடத்திலேயே போட்டாள். பிறகு திரும்பி நின்று ரவிக்கைக்குள் கைவிட்டு இன்னோர் அட்டையை எடுத்தாள்.

"இதை ஒளிச்சு வெச்சிருந்தேன் கண்ணு. உனக்கு ஆசையே இல்லைங்கறப்ப, எனக்கு மட்டுந்தான் சாமி கண்ணைத் தொறக்கலைன்னு நெனச்சுப்போட்டேன். இன்னியோட கூட்டத்துக்கு வராம நின்னுக்கறதா இருந்தேன்."

பழக்க தோஷத்தில் அதையும் விஜயராணியிடமே நீட்டினாள். விஜயராணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கினாள்.

"எங்கிட்ட நீட்டாதீங்கக்கா. நீங்களே போடுங்க. நான் பாக்குதேன்."