பேர் போன தெரு

நகராட்சி அலுவலகத்தில் பெயர்ப் பலகைப் பிரிவு என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரோரம் சாய்த்து வைத்த துருப்பிடித்த பலகைகள், அவற்றுக்கு நடுவே அவள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் பலகையக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் அதை ஒரு பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டுவிட்டாள். பேருக்கு இருந்த அந்தப் பிரிவுக்கு இந்த வருடம் திடீரென்று வேலை வந்தது. ஒவ்வொரு தெருப் பலகைக்குக் கீழேயும் ஒரு சின்னத் தகடு பொருத்த வேண்டும், அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று இரண்டே வரியில் எழுத வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

மற்ற தெருக்கள் மளமளவென்று முடிந்தன. பாலம் கட்டிய பொறியாளர், பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்த சீமாட்டி, யாருக்கும் புரியாத கவிதை எழுதிய நீதிபதி என்று ஆளுக்கு இரண்டு வரி. கடைசியில் ஒரே ஒரு தெரு மிஞ்சியது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வளைந்து போகிற தெரு. பலகையில் நாலே எழுத்து. பட்டம் இல்லை, அடைமொழி இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்துகூட இல்லை. ஆணுக்கும் வைக்கலாம், பெண்ணுக்கும் வைக்கலாம் என்கிற மாதிரியான பெயர். அதை இங்கே சொல்லிவிட்டால் அந்தப் பெயரில் உங்களுக்குத் தெரிந்த யாராவது குறுக்கே வந்து நிற்பார்கள், கதை அவர்களுடையதாகிவிடும். அதனால் நாலெழுத்து என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தத் தெருவைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தவள் பலகையக்காதான். சோம்பல் இல்லை, பயம். அந்த நாலெழுத்துதான் அவளுடைய பெயரும்.

அந்தத் தெருவின் மருந்துக்கடைப் படியில் துண்டில் சுற்றிக் கிடந்த குழந்தை அவள். காலையில் கடை திறக்க வந்தவர் தூக்கிப் போலீஸ்காரரிடம் கொடுத்தார். போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "பேர் என்ன?" என்று நர்ஸ் கேட்டது குழந்தையின் பெயரை. அவர் சொன்னது தெருவின் பெயரை. நர்ஸ் எழுதிக்கொண்டாள், அத்தோடு பெயர் வைத்தாகிவிட்டது.

அம்மா யார், அப்பா யார் என்கிற கேள்வியை விடுதியில் வளரும்போதே அவள் கைகழுவிவிட்டாள். எங்கும் பதில் இல்லாத கேள்வியோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? ஆனால் பெயர் யாருடையது என்பதற்குப் பதில் இருந்தே தீர வேண்டும். தெருவுக்கு யாரோ ஒருவர் பெயரைத்தானே வைத்திருப்பார்கள்? அந்த ஒருவரின் பெயர்தானே தனக்கும் வந்திருக்கிறது? பள்ளிப் புத்தகத்தில் அதே பெயரில் ஒரு ராணி அகப்பட்டாள், சதுப்பு நிலத்தை வடித்து நகரம் கட்டியவள். அந்த வாரம் முழுக்க விடுதியில் அவளுக்குக் கால் தரையில் படவில்லை. அடுத்து ஒரு கப்பல் தலைவன் கிடைத்தான், பாதி ஆயுள் கடற்படையில், மீதி ஆயுள் கடற்கொள்ளையில். அப்புறம் அம்மை நோயைப் பற்றி முதலில் எழுதிய வைத்தியர். அப்புறம், சொல்ல வெட்கம்தான், ஒரே பாலத்தை இரண்டு பேருக்கு விற்ற ஓர் எத்தன். நூற்றாண்டுக்கு ஒருவராவது இந்தப் பெயரில் பிறந்து நல்ல பேரோ கெட்ட பேரோ எடுத்திருந்தார்கள். அவர்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள்தான் அவர்களைக் கூட்டி உட்காரவைத்துக் குடும்பமாக்கியிருந்தாள். ராணி பெரியம்மா, கப்பல் தாய்மாமா, வைத்தியர் பெரியப்பா, எத்தன் சித்தப்பா.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். கல்யாணமான புதிதில் இந்தச் சொந்தக்காரர்களைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரும் பழகிவிட்டார். கடையில் அவள் பேரம் பேசினால், "சித்தப்பா ரத்தம் பேசுது" என்பார்.

இப்போது மேசையில் தகடு காத்திருந்தது. பெரியம்மாவா, சித்தப்பாவா? அவள் வாழ்நாள் கேள்விக்கு அலுவலகமே கெடு வைத்துவிட்டது.

முதலில் தெருக்காரர்களைக் கேட்போம் என்று போனாள். மருந்துக்கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். இப்போது கடையில் இருப்பவர் அந்தக் காலத்துக் கடைக்காரரின் மகன். புதுசாக ஓடு பதித்த படியை அவள் ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். தான் யார் என்று சொல்லவில்லை.

"இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? வைத்தியர்தான். மருந்துக்கடை இருக்கிற தெருவுக்கு வேற யார் பேரை வைப்பாங்க?"

எதிர்ச்சாரியில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் பயில்வானுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "அதெல்லாம் இல்லம்மா. முதுகு மண்ணுல படாத மல்யுத்த வீரர் ஒருத்தர் இருந்தாரு. அவரு பேருதான் இது. என் கூடத்துல படமே மாட்டியிருக்கேன்."

"அந்தப் படத்துல இருக்கிறது உங்க மாமனாருன்னு தெருவுக்கே தெரியும்," என்றார் இருமல் மருந்து வாங்க வந்திருந்த கணக்கு வாத்தியார். "பகா எண்களைப் பத்தி எழுதின அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. தெரு எவ்வளவு அழகா வளையுது பாருங்க. அவங்க ஞாபகமாத்தான் இருக்கணும்."

"சாக்கடைக்காக வளைச்சது சார் அது!" என்றார் பயில்வான்.

மூவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அந்த வீரரைப் பற்றியும் கணக்கம்மாவைப் பற்றியும் பலகையக்காவுக்கு முன்பே தெரியும். ஒருவர் தாத்தா முறை, இன்னொருவர் அத்தை முறை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவள் கேட்டாள், "ஒருவேளை ஒரே பாலத்தை ரெண்டு பேருக்கு வித்த எத்தன் பேரா இருந்தா?"

அப்போதுதான் மூவருக்கும் ஒற்றுமை வந்தது.

"அய்யய்யோ, அப்படி எழுதிடாதீங்க மேடம்," என்றார் கடைக்காரர். "என் பையனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?"

மறுநாள் காலை ஏணிக்காரரோடு வந்தாள். அலுவலகத்தின் அத்தனை பலகைகளையும் ஏற்றி இறக்குகிறவர் அவர். தகட்டைப் பொருத்தச் சட்டம் அடிக்க வேண்டும், அதற்குப் பழைய பலகையைக் கழற்ற வேண்டும். நீல எனாமலில் வெள்ளை எழுத்து, ஒரு கீறல் இல்லை. ஏணியில் நின்றபடியே அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"பலகையக்கா, பின்னாடி ஏதோ எழுதியிருக்கு."

கீழே இறக்கி அவள் கையில் கொடுத்தார். பின்பக்கம் தொழிற்சாலையின் முத்திரை. அதற்குக் கீழே, எனாமலோடு சேர்த்துச் சுட்ட சிறிய எழுத்து: மாதிரி. விற்பனைக்கு அல்ல.

அவள் இன்னொரு முறை படித்தாள். இன்றைக்கும் நகராட்சிக்குப் பலகை செய்வது அதே தொழிற்சாலைதான். அங்கேயே நின்று போன் போட்டாள். விற்பனைப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள்.

"அந்த நாலெழுத்தா? அது எங்க மாதிரிப் பலகை மேடம். ஆரம்பிச்ச நாள்லேருந்து அதேதான்."

"யாரு பேரு அது?"

"யாரு பேரும் இல்ல மேடம். சுழி, கொம்பு, கால், புள்ளி எல்லாம் ஒரே பேர்ல வருது, அவ்வளவுதான். சூளையில எனாமல் உருகுறப்போ முதல்ல சுழிதான் அடைச்சுக்கும். இது சுத்தமா வந்துட்டா மத்த எந்தப் பேரும் வந்துடும். வாங்க வர்றவங்களுக்குக் காட்டுறதுக்கு வச்சிருப்போம்." அந்தப் பெண்ணின் குரலில் சிரிப்பு முட்டியது. "அதைப் போய் யாராவது தெருவுல மாட்டுவாங்களா?"

"மாட்டியிருக்காங்க," என்றாள் பலகையக்கா.

யார் மாட்டியிருப்பார்கள் என்பதும் அவளுக்குப் புரிந்தது. அதே மாடிப்படிக்கு அடியில், அதே மேசையில், அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர். புதுத் தெருவுக்குப் பெயர் யோசிக்கச் சொல்லியிருப்பார்கள். பலகைதான் தயாராக இருக்கிறதே, மாட்டிவிடு என்றிருப்பார்.

சப்பென்று ஆகிவிட்டது. ஒரே போனில் சொந்தபந்தம் அத்தனையும் எழுந்து போய்விட்டது. ராணிக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை. எத்தனுக்கும் இல்லை, அதுகூட வருத்தமாக இருந்தது. சுழி அடைத்துக்கொள்கிறதா என்று பார்க்க வைத்த பெயர். அவள் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். ஏணிக்காரர் பதறிப்போய், "விழுந்துடல அக்கா, பத்திரமாத்தான் இறக்கினேன்," என்றார்.

வீட்டில் கணவர் முழுவதையும் கேட்டார். கேலி செய்யவில்லை. "அப்ப தகட்டுல என்னதான் எழுதப்போற?"

"நடந்ததை."

"ரெண்டு வரிதான் குடுத்திருக்காங்க."

"போதும்," என்றாள். அப்போதுதான் அவளுக்கே அது தெரிந்தது.

மேலதிகாரி, இரண்டு வரிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் பலகை பழைய இடத்துக்கு ஏறியது, கீழே தகடும் ஏறியது. ஏணிக்காரர் இறங்கும் முன்பே தெருக்காரர்கள் மூவரும் வந்து நின்றார்கள். வாத்தியார்தான் சத்தமாகப் படித்தார்.

"இந்தத் தெருவுக்கு யாருடைய பெயரும் வைக்கப்படவில்லை. இந்தத் தெருவின் பெயர் ஒருவருக்கு வைக்கப்பட்டது."

பயில்வான் துண்டை இறக்கினார். "என்னம்மா இது, தலைகீழா இருக்கே?"

"வாக்கியம் சரிதான்," என்றார் வாத்தியார். "ஆனா யாரு அந்த ஒருத்தர்? ரொம்பப் பேர் போனவங்களா?"

"இல்ல சார். நகராட்சியில வேலை. மாடிப்படிக்கு அடியில." அவள் மருந்துக்கடையைக் காட்டினாள். "அந்தப் படியில கிடந்த குழந்தை. நான்தான்."

பயில்வானும் வாத்தியாரும் படியைத் திரும்பிப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பாதான் தூக்கினாரு. போலீஸ்கிட்ட குடுத்ததோட சரி, அப்புறம் ஒரு தகவலும் இல்ல. சாகிற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு, அந்தக் குழந்தைக்கு என்ன பேர் வச்சாங்களோ, என்ன பேர் வச்சாங்களோன்னு."

அவள் கையை மேலே, பலகையை நோக்கி நீட்டினாள்.

பிறந்ததிலிருந்து தினமும் பார்த்த பலகையை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.